அடுக்கும் விரிசலும்

வலிமை என்பது பொருளின் பருமையில் உள்ளது என்று கருதுவோர் பலர். கனத்த தூண் உறுதியானது என்றும், மெல்லிய தகடு உறுதியற்றது என்றும் அவர்கள் எண்ணுவர். இவ்வெண்ணம் முற்றிலும் பொருந்துவதன்று. விண்ணிற் பறக்கும் ஊர்திக்குப் பருமையே பகையாகும். கூடுதலாக ஏறும் ஒவ்வொரு கிலோகிராம் எடையும் கூடுதலான எரிபொருளை வேண்டி நிற்கும். ஆதலின், எடையிற் குறைந்தும் வலிமையில் மிகுந்தும் உள்ள பொருளைத் தேடுவது விமானம் செய்வோரின் நெடுநாளைய முயற்சியாக இருந்து வருகிறது. அம்முயற்சியின் பயனாக விளைந்தவையே அடுக்குக் கூட்டுப்பொருள்கள். அவற்றின் வலிமை எத்தகையது, அவ்வலிமையை ஒரு சிறு விரிசல் எங்ஙனம் குலைக்கின்றது, அக்கேடு நேராமல் அறிஞர் எவ்வாறு காக்கின்றனர் என்பன அறிந்துகொள்ளத் தக்கவை.

கூட்டுப்பொருளின் இயல்பு

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் தத்தம் தன்மை கெடாமல் ஒன்று சேர்ந்து, தனித்து நின்றவிடத்து இல்லாத வலிமையைப் பெறுமாயின், அச்சேர்க்கை கூட்டுப்பொருள் எனப்படும். இஃது இக்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. மண்சுவர் எழுப்புவோர் சேற்றிலே வைக்கோலை இட்டு மிதிப்பர். காயும்போது சேறு வெடிக்க முயலும். வைக்கோல் அதனைப் பிடித்து நிறுத்தும். மரத்திலும் மூங்கிலிலும் இயற்கை இம்முறையையே கையாண்டிருக்கிறது. நார்கள் வலிமை தருகின்றன; அவற்றிடையே உள்ள பசைப்பொருள் அந்நார்களை ஒன்றாகக் கட்டி வைக்கின்றது.

இன்றைய விமானங்களில் நாரின் இடத்தைக் கரியிழையும், பசையின் இடத்தை ஈப்பாக்சி முதலான பிசின்களும் பெற்றிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை 1000 கூறாக்கினால், அவற்றுள் 5 முதல் 7 கூறுகள் எவ்வளவோ அவ்வளவே ஒரு கரியிழையின் தடிப்பாகும். இத்தகைய இழைகளை ஒரே திசையில் நெருக்கமாக நிரைத்துப் பிசினில் தோய்த்தால் மெல்லிய ஏடு ஒன்று கிடைக்கும். அவ்வேட்டை இழைகள் ஓடும் திசையில் இழுத்தால் எஃகினைப்போலத் தாங்கும். இழைகளுக்குக் குறுக்கே இழுத்தாலோ, அவ்வலிமையில் மிகச் சிறு பங்கினையே தாங்கும். ஆதலின், ஓர் ஏட்டில் இழைகள் நெடுக்காகவும், அடுத்த ஏட்டில் குறுக்காகவும், மற்றோர் ஏட்டில் சாய்வாகவும் அமையுமாறு பல ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் ஊட்டி இறுகச் செய்வர். இதுவே அடுக்குக் கூட்டுப்பொருள். ஒரே கன அளவுள்ள நீரைவிட அலுமினியம் 2.7 மடங்கும், இரும்பு ஏறத்தாழ 7.8 மடங்கும் எடையுடையன. இப்பொருளோ ஏறத்தாழ 1.6 மடங்கே எடையுடையது.

மற்றொரு வகையும் உண்டு. மெல்லிய தகடுகள் இரண்டினை வெளிப்புறத்தே வைத்து, நடுவே எடை குறைந்த பொருளை இட்டு ஒட்டுவது அவ்வகை. 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த மாஸ்கிட்டோ என்னும் போர் விமானத்தின் உடற்பகுதி, ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்துச் செய்யப்பட்டது. இக்காலத்தில், தேன்கூட்டைப் போன்று அறுகோண அறைகள் நிறைந்த அமைப்பை நடுவே வைப்பது பெருவழக்கு. 2009-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதலாகப் பறந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பில், எடையளவில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளே ஆகும்.

விரிசலின் முனை

ஒரு தகட்டில் துளையோ கீறலோ இருப்பின், அத்தகடு எவ்வளவு வலிமையை இழக்கும்? துளையின் அகலத்திற்கு ஏற்பச் சிறிதளவே இழக்கும் என்று தோன்றும். அங்ஙனம் அன்று என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞராகிய சார்லஸ் இங்கிலிஸ் 1913-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். ஆற்றின் நடுவே தூண் நின்றால், ஓடிவரும் நீர் அதன் இருமருங்கும் நெருங்கி விரைகின்றது அன்றோ? அதுபோலவே, தகட்டின் வழியே செல்லும் விசையும் துளையைச் சுற்றிக்கொண்டு அதன் ஓரத்தில் நெருங்குகின்றது. ஒரு பரப்பின்மேல் விசை எவ்வளவு செறிந்து நிற்கின்றது என்பதைத் தகைவு என்னும் சொல் குறிக்கும். அகன்ற தகட்டை இழுக்கும்போது வட்டத் துளையின் ஓரத்தில் தோன்றும் தகைவு, பிற இடங்களில் உள்ளதைப்போல் 3 மடங்காகும். துளையானது இழுவிசைக்குக் குறுக்கே நீள்வட்டமாக நீண்டு, அதன் நீளம் அகலத்தைப்போல் 10 மடங்கு இருப்பின், முனையில் தகைவு 21 மடங்காகும். விரிசலோ நீள்வட்டத்தினும் கூரிய முனையுடையது. சிறிய விரிசல் பெரிய கேட்டை விளைவிப்பதன் காரணம் இதுவே.

ஆயின், இவ்வளவு தகைவு செறிந்தும் எல்லா விரிசலும் உடனே ஓடுவதில்லையே, அஃது ஏன்? இவ்வினாவுக்கு விடை கண்டவர், இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்து விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கிரிபித் என்பவர். 1921-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் ஆற்றலின் வரவு செலவை ஆராய்ந்தார். விரிசல் நீள வேண்டுமாயின் புதிய பரப்புகள் இரண்டு தோன்றவேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். விரிசல் நீளும்போது, இறுகி நின்ற பொருள் தளர்ந்து, தன்னுள் தேக்கி வைத்த ஆற்றலை விடுவிக்கும். அது வரவு. வரவு செலவுக்குக் குறைந்திருக்கும்வரை விரிசல் உறங்கும்; ஈடானவுடன் விழித்து ஓடும். கண்ணாடி போன்று நொறுங்கும் பொருளில், விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் அப்பொருள் தாங்கும் தகைவு பாதியாகக் குறையும் என்பது இக்கணக்கால் பெறப்படும். தடித்த கண்ணாடிக் கோலினும் மெல்லிய கண்ணாடி இழை, பரப்புக்குப் பரப்பு ஒப்பிட, வலிமை மிக்கது என்பதையும் அவர் கண்டார். இழை மெல்லியதாக ஆக, அதனுள் பெரிய பழுதுக்கு இடமில்லை. இழைகளைக் கொண்டு வலிய பொருள் செய்யலாம் என்னும் கருத்துக்கு இக்காட்சி அரண் செய்தது.

விரிசலை மதியாமையின் விளைவை உலகம் 1954-ஆம் ஆண்டில் கண்டது. காமெட் என்னும் பயணிகள் விமானங்கள் இரண்டு, அவ்வாண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் மத்தியதரைக் கடலின்மேல் சிதைந்து வீழ்ந்தன. 56 பேர் உயிரிழந்தனர். அவ்வகை விமானம் ஒன்றின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து கிளம்பிய விரிசலால் அவ்வுடல் பிளந்தது. காமெட் அலுமினியக் கலவையால் ஆயது. உலோகத்தில் விரிசல் நடந்துகொள்ளும் முறை ஒன்று. அடுக்குப் பொருளில் அது நடந்துகொள்ளும் முறை வேறொன்று.

அடுக்கு விரிசலைத் தடுத்தல்

விறகு பிளப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கட்டையை நிறுத்தி நார் ஓடும் வழியே கோடரியால் அடித்தால் ஒரே அடியில் பிளந்துவிடும்; நாருக்குக் குறுக்கே வெட்டினாலோ பல அடிகள் வேண்டும். குறுக்கே செல்லும் விரிசல் ஒரு நாரை அறுத்தவுடன் அடுத்த நாரின் ஓரத்தை அடைகின்றது. அவ்விடத்து ஒட்டு மெலிந்திருத்தலின், விரிசல் நேரே செல்லாமல் பக்கவாட்டில் திரும்பி, நாரின் வழியே ஓடி, தன் கூர்மையை இழக்கின்றது. குக், கார்டன் என்னும் அறிஞர் இருவர் 1964-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக விளக்கினர். நொறுங்கும் இயல்புடைய இரு பொருள்களும், அளவாக மெலிந்த எல்லையொன்றைத் தம்மிடையே பெற்றுச் சேரின், எளிதில் நொறுங்காத ஒரு பொருளாகிவிடும். கரியிழையும் நொறுங்குவது, இறுகிய பிசினும் நொறுங்குவது. அவ்விரண்டும் கூடிய பொருளோ உறுதியானது. விரிசலுக்கு வழிமறிக்கும் ஆயிரமாயிரம் எல்லைகள் அதனுள் இருக்கின்றன.

அடுக்கே விரிசலுக்கு வழிவிடுதல்

வழிமறித்த அந்த எல்லையே மற்றொரு வகை விரிசலுக்கு நெடுஞ்சாலையாக அமைந்துவிடுகிறது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே இழைகள் இல்லை. பிசின் ஒன்றே உண்டு. அதன் வழியே ஓடும் விரிசல் எந்த இழையையும் அறுக்க வேண்டுவதில்லை. இவ்வாறு ஏடுகள் ஒன்றினின்று ஒன்று விலகுதலை அடுக்குப்பிரிவு என்பர். குறுக்கிழை ஏட்டில் முதலில் தோன்றும் நுண்விரிசல், தானே பெருங்கேடு செய்வதில்லை. ஆயினும் அதன் முனை ஏட்டின் எல்லையைத் தொடுமிடத்தில் அடுக்குப்பிரிவு முளைக்கின்றது.

அடுக்குப்பிரிவால் வலிமை குறைவது எங்ஙனம் என்பதைப் பனையோலைச் சுவடியைக் கொண்டு உணரலாம். தனித்தனி ஓலைகளாகக் கோத்த சுவடியை இரு கைகளாலும் எளிதில் வளைக்கலாம். அவ்வோலைகளையே பசை தடவி ஒன்றாக ஒட்டிவிட்டால், அது பலகைபோல் விறைத்து நிற்கும். ஓலையும் அதுவே, எண்ணிக்கையும் அதுவே; வேறுபாடு ஒட்டில் உள்ளது. ஒரு தகட்டின் வளையாத்தன்மை அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிப்பு பாதியானால் வளையாத்தன்மை எட்டில் ஒன்றாகும். தகடு நடுவே பிரிந்து இரண்டானால், எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் சேர்ந்து நான்கில் ஒன்றே எஞ்சும். ஓர் இழையும் அறுபடவில்லை. ஒரு துகளும் குறையவில்லை. ஆயினும் அவ்விடத்தில் முக்கால் பங்கு வளையாத்தன்மை போய்விட்டது.

இத்தகைய தகட்டை இழைகளின் வழியே இழுத்தால் பெரும்பாலும் முன்போலவே தாங்கும். அமுக்கினாலோ, பிரிந்த மெல்லிய பகுதி வளைந்து புடைக்கும். அப்புடைப்பு பிரிவின் ஓரத்தை மேலும் கிழிக்கும், பிரிவு அகலும், அகன்ற பகுதி முன்னினும் எளிதாகப் புடைக்கும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, இறுதியில் தகடு முழுதும் முறியும். பறக்கும்போது விமானத்தின் இறக்கை மேல்நோக்கி வளைதலின், அதன் மேற்புறத் தகடு அமுக்கப்படுகின்றது. ஆகவே, அங்கே மறைந்திருக்கும் அடுக்குப்பிரிவு மிகவும் அஞ்சத்தக்கது.

வெளியே தெரியாத புண்

அலுமினியத் தகட்டின்மேல் கனத்த கருவி ஒன்று தவறி விழுந்தால் ஒடுக்கு விழும்; பார்த்தவர் உடனே அறிவர். அடுக்குத் தகடோ அடியை வாங்கிக்கொண்டு மீண்டும் பழைய வடிவத்திற்கே நிமிர்ந்துவிடும். மேற்பரப்பில் ஊன்றிப் பார்த்தாலன்றித் தெரியாத சிறு தடமே எஞ்சும். உள்ளேயோ, அடிபட்ட இடத்திலிருந்து கீழே செல்லச் செல்ல அகலும் கூம்பைப்போல ஏடுகள் பல பிரிந்திருக்கும். சிலபோது பின்புறத்து ஏடு கிழிந்தும் இருக்கும். ஓடுபாதையிலிருந்து தெறிக்கும் கல், ஆலங்கட்டி மழை, பணியாளர் கையினின்று நழுவும் கருவி ஆகிய யாவும் இத்தகைய புண்ணை உண்டாக்க வல்லன. இப்புண்பட்ட தகடு, அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடக் கூடும். வெளித்தோற்றத்தை நம்பி ஏமாறலாகாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டு நிகழ்ச்சிகள்

அமெரிக்காவில் எக்ஸ்-33 என்னும் விண்ணூர்தியைச் செய்ய முற்பட்டனர். அதன் எரிபொருளாகிய திரவ ஹைட்ரஜன், சுழிக்குக் கீழே 253 பாகை செல்சியசு குளிர்ச்சியுடையது. அதனை வைக்கும் தொட்டியை, கரியிழைத் தகடுகள் இரண்டின் இடையே தேன்கூட்டு அமைப்பை வைத்துச் செய்தனர். 1999-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் சோதனை நடந்தது. தொட்டி சுமையைத் தாங்கிற்று. திரவத்தை வெளியேற்றியபின், தொட்டி வெப்பம் அடைந்து வரும்போது, வெளித் தகடும் தேன்கூடும் உட்டகட்டினின்று பிரிந்தன. காரணம் ஆராயப்பட்டது. கடுங்குளிரில் பிசின் மிகவும் சுருங்கும். கரியிழை அத்துணைச் சுருங்காது. இப்பிணக்கோடு சுமையும் சேர, உட்டகட்டில் நுண்விரிசல்கள் தோன்றின. அவற்றின் வழியே ஹைட்ரஜன் தேன்கூட்டு அறைகளுள் புகுந்தது. வெப்பம் ஏறியபோது அறைகளில் அடைபட்ட வளி விரிந்து தகட்டைத் தள்ளியது. ஒட்டும் எதிர்பார்த்த உறுதியுடன் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத விரிசல்கள், பெருந்தொட்டி ஒன்றைப் பாழாக்கின. 2001-ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது; அவ்வூர்தி ஒருநாளும் பறக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி 2005-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் நடந்தது. கியூபா நாட்டு வரடேரோ நகரிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு ஏர்பஸ் ஏ310 விமானம் ஒன்று, பயணிகளும் பணியாளரும் ஆக 271 பேருடன் சென்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் ஓர் அதிர்ச்சி உண்டாயிற்று. விமானிகள் விமானத்தைத் திருப்பி, புறப்பட்ட இடத்திலேயே பாதுகாப்பாக இறக்கினர். இறங்கிப் பார்த்தபோது வாலில் இருந்த சுக்கானின் பெரும்பகுதியைக் காணவில்லை! அச்சுக்கானும் கூட்டுப்பொருள் தகடுகளின் நடுவே தேன்கூட்டு அமைப்பை வைத்துச் செய்ததே. தகடு தேன்கூட்டினின்று விலகியிருந்தது, அல்லது தேன்கூடே உள்ளே கிழிந்திருந்தது. அப்பழுது புறப்படும் முன்பே இருந்து, பறக்கும்போது வளர்ந்தது என்று கனடா நாட்டு ஆய்வாளர் முடிவு கூறினர். அதற்கு முன் பல பயணங்களிலும் அப்பழுது இருந்திருக்கலாம் என்றும், அந்நாள் வழக்கில் இருந்த சோதனை முறை எல்லாப் பழுதுகளையும் கண்டறியப் போதியதன்று என்றும் அவர்கள் குறித்தனர்.

இத்தகைய பிரிவு பறத்தலினாலேயே வளரக் கூடும். தரையில் உள்ளபோது தேன்கூட்டு அறைகளின் காற்றும் வெளிக்காற்றும் ஒத்த அழுத்தமுடையன. விமானம் உயர ஏறும்போது வெளியழுத்தம் குறைகின்றது. உள்ளே அடைபட்ட காற்று தகட்டை வெளியே தள்ளுகின்றது. ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை இது நிகழும். அறைகளில் நீர் கசிந்து உறைந்தாலோ கேடு இரட்டிக்கும்.

காக்கும் முறைகள்

விரிசலே இல்லாத பொருளைச் செய்ய இயலாது; விரிசல் ஒருபோதும் நேராது என்று உறுதி கூறவும் இயலாது. ஆதலின், விரிசல் உண்டு என்றே கொண்டு விமானத்தை வகுத்தல் வேண்டும் என்பது அறிஞர் கண்ட முடிபு. விமானம் தன் வாழ்நாளில் எதிர்பார்க்கத்தக்க மிகப்பெரிய சுமை எதுவோ, அதனைப்போல் ஒன்றரை மடங்கை அது தாங்குதல் வேண்டும். சோதனையில் கண்ணுக்கு எட்டாமல் மறைந்திருக்கக் கூடிய பழுது இருப்பினும், இவ்வொன்றரை மடங்கைத் தாங்கியே ஆகவேண்டும். கண்ணுக்குப் புலப்படும் அளவு பழுது பெரிதாயின், அதனைக் கண்டு செப்பனிடும்வரை அம்மிகப்பெரிய சுமையையேனும் தாங்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் போயிங் 787 விமானத்தின் இறக்கைகளை இவ்வாறு ஒன்றரை மடங்கு சுமையேற்றிச் சோதித்தபோது, அவை ஏறத்தாழ 25 அடி உயரம் மேல்நோக்கி வளைந்தும் முறியாமல் நின்றன.

பிரிவு ஓடாமல் தடுப்பதற்கும் வழிகள் உண்டு. எளிதில் கிழியாத பிசின்களை ஆக்குதல், ஏடுகளை ஊடுருவிச் செல்லும் இழையால் தைத்தல், ஒட்டிய இடங்களில் இடையிடையே ஆணி முடுக்குதல் ஆகியன அவற்றுட் சில.

மறைந்த பழுதைக் கண்டறியும் முறைகளுள் எளியது தட்டிப் பார்த்தலாகும். பானை வாங்குவோர் விரலால் தட்டி, அதன் ஓசையைக் கேட்டே கீறலை அறிவர். அவ்வாறே, பயின்ற பணியாளர் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தகட்டைத் தட்டிச் செல்வர். ஒட்டு நன்றாக உள்ள இடம் தெளிந்த ஓசை தரும். விட்ட இடம் மழுங்கிய ஓசை தரும். செவிக்கு எட்டாத பழுதை மீயொலி அலைகளைச் செலுத்திக் காண்பர். அலை ஏடுகளை ஊடுருவிச் செல்லும்போது, பிரிவு உள்ள இடத்தில் தடைப்பட்டுத் திரும்பும். அதனைக்கொண்டு பிரிவின் இடத்தையும் பரப்பையும் வரைந்துவிடலாம்.

எனினும், கருவிகள் எவ்வளவு நுண்ணியவாயினும், அவற்றைக் கையாளும் மனிதரின் நேர்மையே எல்லாவற்றிற்கும் மேலான காவல். பணியாளர் ஒருவர் கையிலிருந்து கருவி விழுகின்றது; தகட்டில் தடம் ஒன்றும் தெரியவில்லை; கண்டவரும் எவருமில்லை. அவர் வாளா இருந்துவிட்டால் கேட்பார் இல்லை. ஆயினும், அவர் சென்று விழுந்ததைச் சொல்லி, அவ்விடத்தைச் சோதிக்கச் செய்வாராயின், தாம் முகம் அறியாத பலரின் உயிரைக் காத்தவர் ஆவார். ஏடுகளைப் பிணைப்பது பிசின்; அப்பிணைப்பு உள்ளே விடாமல் நிற்பதற்குத் துணை செய்வது கடமை உணர்ச்சி. தகடு எத்துணை மெல்லியதாயினும், இவ்விரண்டும் உறுதியாக இருக்குமாயின் வானத்தை நம்பி ஏறுவோர்க்கு அச்சமில்லை.

பயிற்சி வினாக்கள்

1. கூட்டுப்பொருள் என்பது யாது? இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. சிறிய விரிசல் பெரிய கேட்டை விளைவிப்பது ஏன்?
3. ‘அடுக்கு விரிசலுக்குத் தடையும் ஆகும், வழியும் ஆகும்.’ இக்கூற்றை நிறுவுக.
4. ஓலைச்சுவடியை உவமையாகக் கொண்டு அடுக்குப்பிரிவின் தீமையை எழுதுக.
5. எக்ஸ்-33 தொட்டி பழுதுற்ற வரலாற்றை உம் சொந்த நடையில் எழுதுக.